பித்தளைக் கூடும் வீச்சுக் கணக்கும்



போன வாரம் நான் போட்ட நோட்டுப் படத்தைப் பார்த்துவிட்டுப் பலர் கேட்டிருந்தீர்கள். "சார், இது எந்த செட்டோட மார்க் லிஸ்ட்?" என்று ஒருவர். "அத்தான், ரிட்டயர் ஆகியும் திருத்துற வேலையை விடலையா?" என்று மைத்துனர். அது மார்க் இல்லை. நூறு துப்பாக்கித் தோட்டாக் கூடுகளின் எடை. பயப்பட வேண்டாம், விவரமாகச் சொல்கிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

இப்போது டெக்சஸில் மகள் வீட்டில் இருக்கிறேன். மாப்பிள்ளை இந்நாட்டுக் குடியுரிமை பெற்றவர். மாதத்தில் இரண்டு ஞாயிறு கிளப்புக்குப் போய் ரைபிளில் காகித இலக்கைச் சுடுவது அவருடைய பொழுதுபோக்கு. வேட்டையெல்லாம் கிடையாது. தோட்டாவைக் கடையில் வாங்காமல் கராஜில் தானே தயாரிக்கிறார். இங்கே இப்படிச் செய்கிறவர்கள் நிறைய. மகளுக்குத்தான் பயம். "அப்பா, நீங்க ஒருநாள் பக்கத்துல உட்கார்ந்து பாருங்க. ஒழுங்காத்தான் செய்றாரான்னு எனக்குச் சொல்லுங்க" என்றாள். துப்பாக்கியைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? ஆனால் அளந்து எழுதிச் சரிபார்க்கத் தெரியும். அவர் எடை போட்டார், நான் நோட்டில் எழுதினேன்.

தோட்டாவுக்கு நான்கு பாகம். முனையில் குண்டு, உள்ளே வெடிமருந்து, அடியில் தீப்பொறி தரும் பிரைமர், இவை மூன்றையும் தாங்கும் பித்தளைக் கூடு. சுட்ட பிறகு மறுபடி பயன்படுவது கூடு மட்டும்தான். நம் வீட்டுக் குடம், குத்துவிளக்கு மாதிரி இதுவும் பித்தளையே. நூற்றுக்கு 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம். மருந்து எரியும்போது கூடு விரிந்து துப்பாக்கி அறையின் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். சூடான வாயு சுடுகிறவரின் முகத்துப் பக்கம் வராமல் அடைப்பது அதுதான். அழுத்தம் தணிந்ததும் சற்றுச் சுருங்கிக் கழன்று வரும்.

மாப்பிள்ளை பயன்படுத்துவது .308 வின்செஸ்டர் என்ற ரகம். 1952-இல் வந்தது. யார் தயாரித்தாலும் கூட்டின் வெளியளவு ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். உள்ளே அப்படியில்லை. ஒருவர் சுவரைத் தடிப்பாகச் செய்கிறார், இன்னொருவர் மெல்லியதாகச் செய்கிறார். தடித்த கூட்டில் உள்ளிடம் குறைவு. மெல்லிய கூட்டுக்குச் சரியாக இருந்த அதே மருந்தளவைத் தடித்த கூட்டில் போட்டால் அழுத்தம் ஏறிவிடும். ஆபத்து இங்கேதான் ஆரம்பிக்கிறது.

எடையை இங்கே கிரெயின் என்ற அலகில் சொல்கிறார்கள். பார்லி தானியத்திலிருந்து வந்த அளவு. நம் பொற்கொல்லர்கள் நெல் எடை, குன்றிமணி எடை என்று சொன்னார்களே, அது மாதிரி. ஒரு கிராமுக்கு ஏறக்குறைய 15.4 கிரெயின்.

முதலில், கிளப்பில் பொறுக்கி வந்த கூடுகள் இருந்த பையை எடுத்தார். பல கம்பெனி முத்திரைகள், நடுவே ராணுவக் கூடுகளும் இருந்தன. மிக லேசானது 156.0 கிரெயின், மிகக் கனமானது 181.2. வித்தியாசம் 25.2. அதாவது ஒன்றரை கிராமுக்கு மேல். பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கின்றன!

அடுத்து இரண்டு புதுப் பெட்டிகள், ஒவ்வொன்றிலும் 50 கூடு. ஒன்று ஐரோப்பாவில் செய்தது, விலை ஏறக்குறைய இரு மடங்கு. இன்னொன்று உள்ளூர்த் தயாரிப்பு. ஐரோப்பியப் பெட்டியில் 170.9 முதல் 172.4 வரை, வீச்சு 1.5. உள்ளூர்ப் பெட்டியில் 155.8 முதல் 161.3 வரை, வீச்சு 5.5.

"எது மாமா நல்லது? கனமா இருக்கறதா, லேசா இருக்கறதா?" என்று மாப்பிள்ளை என்னையே சோதித்தார். இரண்டுமில்லை என்றேன். கனம் ஒரு குணமே இல்லை. ஒன்றுக்கொன்று எவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன என்பதுதான் குணம். ஏழாம் வகுப்பில் நான் சொன்னது சிலருக்கு நினைவிருக்கலாம். 'அ' பிரிவின் சராசரி 60, 'ஆ' பிரிவின் சராசரியும் 60. ஆனால் 'அ'வில் எல்லாரும் 55-க்கும் 65-க்கும் நடுவே. 'ஆ'வில் சிலர் 95, சிலர் 25. சராசரியை மட்டும் பார்க்கிறவருக்கு இரண்டும் ஒரே வகுப்பு. பாடம் நடத்துகிறவருக்கு இரண்டும் வேறு வேறு.

நோட்டைப் பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது. உள்ளூர்ப் பெட்டியில் ஆறே ஆறு கூடுகள்தான் ஓரத்தில் நின்றன. அவற்றை எடுத்துவிட்டால் மீதி 44-இன் வீச்சு 2.2 தான். பெட்டி முழுவதும் மோசம் என்று தள்ளிவிட வேண்டியதில்லை.

எடை என்பதும் மறைமுக அளவுதான். நமக்கு வேண்டியது உள்ளிடம். அதற்கு ஒரு வழி இருக்கிறது. சுட்ட கூட்டில் பழைய பிரைமரை எடுக்காமல், வாய் வரை தண்ணீர் நிரப்பி எடை பார்ப்பது. ஏற்கெனவே சுட்டிருந்த உள்ளூர்க் கூடுகள் ஐந்தில் செய்து பார்த்தோம். மிகக் கனமான கூட்டில்தான் தண்ணீர் மிகக் குறைவாகப் பிடிக்கும் என்று எதிர்பார்த்தேன். அப்படி வரவில்லை. அடிவிளிம்பை ஒட்டி வெளியே கடைந்த பள்ளத்தில் உலோகம் சற்றுக் கூடுதலாக இருந்தாலும் எடை ஏறும், உள்ளிடம் மாறாது என்று மாப்பிள்ளை விளக்கினார். எடை ஒரு சல்லடை மட்டுமே, தீர்ப்பு இல்லை.

பழைய கூடுகளுக்கு இன்னொரு சோதனை. பல முறை சுட்ட கூடு அடிக்குச் சற்று மேலே உட்புறமாக மெலியும். முனை வளைத்த கம்பியை உள்ளே விட்டு இழுத்தால் அந்தப் பள்ளத்தில் தட்டும். வெளியே பளபளவென்று ஒரு வளையமும் தெரியலாம். அப்படிப்பட்ட கூடு அடுத்த முறை அங்கேயே பிய்ந்துகொள்ளக்கூடும். பையிலிருந்து அப்படி மூன்று கிடைத்தன. இடுக்கியால் நசுக்கிக் குப்பையில் போட்டார்.

இதில் நம் நாட்டுக் கதையும் ஒன்று உண்டு. பிரிட்டிஷ் ஆட்சியில் இந்தியாவில் ராணுவத் தோட்டாக்களை மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்திருந்தபோது கூடுகள் தானாக வெடித்துக் கீறின. குதிரை மூத்திரத்திலிருந்து வரும் அம்மோனியாவும், பித்தளையை இழுத்துச் செய்தபோது உள்ளே தங்கிய இறுக்கமும் சேர்ந்த விளைவு என்று 1921-இல் விளக்கம் வந்தது. மிதமாகச் சூடாக்கி அந்த இறுக்கத்தைத் தளர்த்துவது பரிகாரம். இன்றும் அதன் பெயர் 'சீசன் கிராக்கிங்'. அந்த 'சீசன்' நம் மழைக்காலம்தான்! அதனால்தான் அம்மோனியா கலந்த பாலிஷைக் கூடுகளுக்குப் போடுவதில்லை என்றார்.

மகளிடம் நான் சொன்னது இதுதான். "மாப்பிள்ளை கவனமாத்தான் செய்றாரும்மா. ஆனா அந்தப் பொறுக்கின பை வீட்டுல வேண்டாம்." அவரும் மறுக்கவில்லை. பையைப் பழைய உலோகக் கடைக்கு அனுப்புகிறார். உள்ளூர்க் கூடு 44-உம் பயிற்சிக்கு, ஐரோப்பியக் கூடுகள் போட்டிக்கு. தனித்தனி டப்பா, தனித்தனி மருந்தளவு, ஒன்றோடொன்று கலப்பதில்லை. எத்தனை முறை சுட்டது என்று டப்பா மேலேயே எழுதி வைக்கிறார். கராஜ் அலமாரிச் சாவி பேரனுக்கு எட்டாத உயரத்தில்.

உங்கள் வீட்டில் பத்தாம் வகுப்புப் பிள்ளை இருந்தால், வீச்சு, திட்ட விலக்கம், மாறுபாட்டுக் கெழு எல்லாம் எதற்கு என்று கேட்கும். தோட்டாவெல்லாம் வேண்டாம். சமையலறைத் தராசில் ஹோட்டல் இட்லி பத்து, வீட்டு இட்லி பத்து நிறுத்து எழுதச் சொல்லுங்கள். எந்த இட்லி பெரிது என்று கேட்காதீர்கள், எந்தப் பத்து ஒன்றுபோல இருக்கின்றன என்று கேளுங்கள். விடையைக் கீழே எழுதுங்கள், திருத்தித் தருகிறேன்.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்