அலை கொண்டுபோன நகையை மெஷின் மீட்குமா? திருச்செந்தூர் கரையில் ஒரு தேடல்!

கடலில் ஒரு முழுக்கு, நாழிக்கிணற்றில் ஒரு குளியல், அதன்பிறகு முருகன் தரிசனம். திருச்செந்தூரில் இதுதான் வழக்கம். ஐப்பசியில் சூரசம்ஹாரம் நடக்கும் நாளில் இந்தக் கடற்கரையில் மணலைவிட மனிதத் தலைகள்தான் அதிகம் தெரியும். சாதாரண ஞாயிற்றுக்கிழமையிலும் விடியும் முன்பே கரை நிறைந்துவிடுகிறது.

இப்படிக் குளிக்கும்போதுதான் ஏதாவது ஒன்று கழன்று போகிறது. கழுத்துச் சங்கிலி, கல்யாண மோதிரம், குழந்தையின் கொலுசு, சில நேரங்களில் தாலியே. இடுப்பளவுத் தண்ணீரில் ஓர் அலை வந்து தள்ளும், எழுந்து நிற்பதற்குள் கழுத்து வெறுமையாக இருக்கும். அந்த நொடியில் எழும் அலறலை இந்தக் கரையில் கடை வைத்திருக்கும் எல்லோரும் கேட்டிருக்கிறார்கள்.

வெளிநாட்டுக் கடற்கரைகளில் காதில் ஹெட்போனும் கையில் நீளமான கம்பியுமாகச் சிலர் மணலைத் தடவிக்கொண்டே நடக்கும் வீடியோக்களைப் பார்த்திருப்பீர்கள். அந்த மெட்டல் டிடெக்டர் நம் ஊர்க் கடற்கரையில் வேலை செய்யுமா? சிங்கப்பூரில் வேலை பார்க்கும் நண்பரின் அண்ணன் விடுமுறைக்குத் தூத்துக்குடி வந்திருந்தார். அங்கே ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரையில் வார இறுதிகளில் மெஷினோடு சுற்றுவது அவருடைய பொழுதுபோக்கு. காவலுக்கு நின்ற போலீஸாரிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டு, கூட்டம் குறைந்த ஓரத்தில் அவரோடு இறங்கினேன்.

சல்லடைக்காரர்களின் கரை

எங்களுக்கு முன்பே அங்கே தேடல் நடந்துகொண்டிருந்தது. அலை வந்து திரும்பும் விளிம்பில் குனிந்தபடி சிலர் மணலை அள்ளிச் சல்லடையில் அரித்துக்கொண்டிருந்தார்கள். சிப்பியும் சங்கும் சேகரிப்பவர்கள். சோழி, சங்கு கடைகளுக்குப் போகும். நடுவே நாணயம் கிடைக்கும், எப்போதாவது ஒரு மூக்குத்தி கிடைக்கும். கடலில் நகையைத் தொலைத்தவர்கள் முதலில் ஓடுவதும் இவர்களிடம்தான். தண்ணீரில் இறங்கித் தேடி, சங்கிலியைக் கண்டெடுத்துக் கொடுத்த செய்திகள் அவ்வப்போது பேப்பரில் வருவதுண்டு.

இந்தக் கடலில் உலோகம் தேடிய கதைகளில் பெரியது கோயிலுடையதே. 17-ம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் இந்தக் கோயிலைப் பிடித்து, விக்கிரகங்களைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போனார்கள். நடுக்கடலில் புயல் அடிக்க, சண்முகர் விக்கிரகத்தைக் கடலில் போட்டுவிட்டார்கள். வடமலையப்ப பிள்ளையின் கனவில் முருகன் வந்து, எலுமிச்சம்பழம் மிதக்கும் இடத்தில், மேலே கருடன் வட்டமிடும் இடத்தில் தேடச் சொன்னார் என்கிறது தல வரலாறு. 1653-ல் விக்கிரகம் மீட்கப்பட்டது. இடம் தெரிந்தால்தான் தேட முடியும் என்பதை அந்தக் கதையே சொல்லிவிடுகிறது.

நாங்கள் போன அன்று மதுரைப் பக்கமிருந்து வந்த ஒரு குடும்பம் கரையில் கலங்கி நின்றது. அந்த அம்மாவின் இரண்டு பவுன் சங்கிலி அரை மணி நேரத்துக்கு முன்னால் போயிருக்கிறது. சல்லடை வைத்திருந்த பெரியவர் அவரிடம் கேட்ட முதல் கேள்வி, "எங்கன நின்னு குளிச்சிய? எதுக்க என்ன தெரிஞ்சிச்சு, அதைச் சொல்லுங்க." அந்த அம்மாவால் சரியாகச் சொல்ல முடியவில்லை. பதற்றத்தில் குடும்பமே நாலா பக்கமும் ஓடித் தேடியிருக்கிறது. நின்ற இடம் மறந்துபோயிற்று.

கடல் எங்கே ஒளித்துவைக்கிறது?

"அலை எல்லாத்தையும் உள்ள இழுத்துட்டுப் போயிரும்னு நினைக்காங்க. கனமான சாமான் அவ்வளவு தூரம் போவாது தம்பி. குழியில கெடக்கும்" என்றார் பெரியவர்.

விஞ்ஞானமும் அதையேதான் சொல்கிறது. சாதாரண மணல் தண்ணீரைப்போல இரண்டரை மடங்கு எடை கொண்டது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஏறக்குறைய 8 மடங்கு, வெள்ளி 10 மடங்குக்கு மேல், ஈயம் 11 மடங்கு, 22 காரட் தங்கம் 17 மடங்குக்கும் மேல். அலை மணலைக் கிளப்பிக்கொண்டு போகும்போது கனமானவை பின்தங்கி நிற்கும். கரையை ஒட்டி அலை தோண்டிய பள்ளத்தில் ஒதுங்கும், அல்லது மணலுக்குள் மெல்ல இறங்கும். மீன் வலையின் ஈயக்குண்டு, பழைய நாணயம், மோதிரம் எல்லாம் ஒரே இடத்தில் கிடைப்பது இதனால்தான். ஈயக்குண்டு கிடைத்த இடத்தை விட்டு அனுபவசாலிகள் நகர மாட்டார்கள்.

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் உள்வாங்கும் நாட்கள் தேடுகிறவர்களுக்கு நல்ல நாட்கள். வழக்கமாகத் தண்ணீருக்குள் இருக்கும் பள்ளங்கள் அப்போது வெளியே தெரியும். கடல் சீறி, கரையை வெட்டிவிட்டுப் போன மறுநாளும் அப்படியே. மேல் மணல் போய், அடியில் கிடந்தவை எட்டும் தூரத்துக்கு வந்துவிடும்.

மெஷின் என்ன செய்கிறது?

டிடெக்டரின் அடியில் தட்டு மாதிரி இருப்பது காயில். அது மணலுக்குள் மாறிக்கொண்டே இருக்கும் காந்தப்புலத்தை அனுப்பும். அந்தப் புலம் படும்போது உலோகத்துக்குள் சின்னதாக மின்சாரம் சுழலும். அந்தச் சுழல் உண்டாக்கும் எதிர்ப்புலத்தை மெஷின் பிடித்து, 'பீப்' அடிக்கும். அவ்வளவுதான் அடிப்படை.

1881-ல் அமெரிக்க அதிபர் கார்ஃபீல்டு சுடப்பட்டபோது, உடலுக்குள் இருந்த குண்டைக் கண்டுபிடிக்க தொலைபேசிப் புகழ் கிரஹாம் பெல் இப்படி ஒரு கருவியைச் செய்துகொண்டு ஓடினார். குண்டு கிடைக்கவில்லை. படுக்கையில் இருந்த இரும்பு ஸ்பிரிங்குகள் கருவியைக் குழப்பியதும் ஒரு காரணம் என்பார்கள். சுற்றியிருக்கும் இரும்பு இன்றைக்கும் இந்த மெஷினுக்குத் தலைவலிதான். நம் கடற்கரையில் அதோடு இன்னும் இரண்டு தலைவலிகள் சேர்கின்றன.

ஒன்று, உப்புத் தண்ணீர். ஈர மணலில் மின்சாரம் பாயும் என்பதால், கடல் விளிம்பையே ஓர் உலோகம் என்று நினைத்துச் சில மெஷின்கள் கத்திக்கொண்டே இருக்கும். இரண்டு, கருமணல். தூத்துக்குடி, கன்னியாகுமரி கடற்கரைகளில் இல்மனைட், கார்னெட் கலந்த கனிம மணல் அதிகம். மணவாளக்குறிச்சியில் மத்திய அரசு நிறுவனம் அதற்காகவே ஆலை நடத்துகிறது. இரும்புச் சத்துள்ள அந்த மணலும் மெஷினை ஏமாற்றும்.

இன்னொரு வேடிக்கை நம்முடைய நாணயங்களில் இருக்கிறது. புழக்கத்தில் இருக்கும் 1, 2 ரூபாய் நாணயங்களில் பெரும்பாலானவை காந்தத்தில் ஒட்டும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். தீர்த்தக் கரைகளில் கயிற்றில் காந்தம் கட்டிப் பையன்கள் காசு எடுப்பது அதனால்தான் முடிகிறது. டிடெக்டரில் 'இரும்பு வேண்டாம்' என்று அமைத்துவிட்டால் ஆணியோடு நம் ரூபாயும் சேர்ந்து மறைந்துவிடலாம். அது நல்லதுக்குத்தான். ஆனால், தங்கத்துக்கும் அலுமினியத் தாளுக்கும் மெஷின் தரும் எண் பல நேரங்களில் ஒன்றுபோலவே இருக்கும். மாத்திரை அட்டையைத் தோண்டச் சலித்துக்கொள்பவருக்கு மோதிரம் கிடைக்காது.

எது எளிது, எது கடினம் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். மூடிய வளையமான மோதிரம் நன்றாகக் கத்தும். மெட்டி திறந்த வளையம் என்பதால் சத்தம் குறையும். மெல்லிய சங்கிலி மிகக் கஷ்டம். மெஷினுக்கு அது ஒரே பொருளாகத் தெரியாது. நூறு சின்னக் கண்ணிகளாகத்தான் தெரியும். பெரும்பாலும் கொக்கியோ, டாலரோதான் காட்டிக்கொடுக்கும்.

வாங்கப்போகிறீர்களா?

ஆன்லைனில் விளையாட்டுச் சாமான் விலையிலும் டிடெக்டர் கிடைக்கிறது. மேல்கரையின் உலர்ந்த மணலில் அது ஓரளவு வேலை செய்யும். ஈர மணலுக்கும் தண்ணீருக்கும் என்றால் இவற்றைப் பாருங்கள்.

ஃப்ரீக்வென்சி: ஒரே அலைவரிசையில் இயங்கும் மெஷின் ஈர உப்பு மணலில் திணறும். ஒரே நேரத்தில் பல அலைவரிசைகளை அனுப்பி ஒப்பிட்டு, உப்பின் சத்தத்தைக் கழித்துவிடும் 'மல்ட்டி ஃப்ரீக்வென்சி' மெஷின்களே கடற்கரைக்குச் சரி. மைன்லேப் ஈக்வினாக்ஸ், நோக்டா லெஜண்ட் போன்றவை இந்த வகை.

பல்ஸ் இண்டக்‌ஷன்: துடிப்புத் துடிப்பாகப் புலத்தை அனுப்பும் வகை. உப்பையும் கருமணலையும் அவ்வளவாகப் பொருட்படுத்தாது, ஆழமும் போகும். ஆனால் இரும்பையும் தங்கத்தையும் பிரித்துச் சொல்வதில் இது சுமார்தான். ஆணிகளாகத் தோண்டப் பொறுமை வேண்டும்.

நனையலாமா: 'வாட்டர்புரூஃப்' என்று போட்டிருந்தால் எது வரைக்கும் என்று கேளுங்கள். காரெட் ஏஸ் போன்ற தொடக்கநிலை மாடல்களில் காயில் மட்டும்தான் நனையலாம், மேலே இருக்கும் பெட்டி நனையக் கூடாது. ஓர் அலை போதும், காசு போய்விடும்.

காயில்: 11 அங்குலம் பொதுவான அளவு. குப்பை அதிகமுள்ள இடத்தில் 6 அங்குலம் வசதி. ஆழத்தைப் பற்றிய விளம்பரங்களை நம்ப வேண்டாம். நாணய அளவுப் பொருளை ஒரு சாண் ஆழத்தில் உறுதியாகக் காட்டினாலே நல்ல மெஷின்.

கூடவே ஓட்டை போட்ட கைப்பிடி அள்ளுகரண்டி, ஹெட்போன் இரண்டும் தேவை. அலைச் சத்தத்தில் மெல்லிய 'பீப்' காதில் விழாது. முடிந்ததும் நல்ல தண்ணீரில் எல்லாவற்றையும் கழுவிவிடுங்கள்.

கிடைத்தது யாருக்குச் சொந்தம்?

நாங்கள் இரண்டு மணி நேரம் தேடினோம். பெரியவர் காட்டிய பள்ளத்தில் மெஷின் கத்தும், அவர் சல்லடையில் அள்ளுவார். சோடா மூடிகள், ஈயக்குண்டுகள், ஒரு சாவி, கொஞ்சம் சில்லறை, கறுத்துப்போன ஒரு குழந்தைக் கொலுசு. சங்கிலி கிடைக்கவில்லை.

புறப்படும்போது அந்த அம்மா அழவில்லை. "அம்மா போட்டுவிட்டது" என்று மட்டும் சொன்னார். பெரியவர் தன் பைக்குள்ளிருந்து ஒரு பழைய நோட்டை எடுத்துக் கணவரிடம் நீட்டினார். "போன் நம்பர் எழுதுங்க. என்ன மாதிரி செயின், டாலர் உண்டா, எல்லாம் எழுதுங்க. கெடைச்சா கூப்பிடுதேன்." நோட்டில் பக்கம் பக்கமாக வெவ்வேறு கையெழுத்துகள். மோதிரத்தில் இன்ன பெயர், சங்கிலியில் இன்ன டாலர், இன்ன தேதி, இன்ன ஊர். கடைசிப் பக்கத்தில், கிடைத்தும் ஆள் தெரியாதவை. கொலுசு அந்தப் பக்கத்துக்குப் போனது.

சட்டம் கேட்பதும் ஏறக்குறைய அந்த நோட்டைத்தான். கீழே கிடந்த பொருளின் உரிமையாளரைக் கண்டுபிடிக்க நியாயமான முயற்சி எடுக்காமல் தன்னுடையதாக்கிக்கொள்வது பாரதிய நியாய சன்ஹிதா 314-ம் பிரிவின்படி குற்றம். பக்கத்துக் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிடுவது பாதுகாப்பு.

பழைமையான பொருள் என்றால் கதையே வேறு. 1878-ம் ஆண்டின் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்திருந்த 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால், கலெக்டருக்கு எழுத்துபூர்வமாகத் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் பங்கும் போகும், ஓராண்டு வரை சிறையும் உண்டு. 10 ரூபாய் என்ற அந்த வரம்பு இன்னும் சட்டத்தில் அப்படியே இருக்கிறது. திருச்செந்தூர் கரையில் கடல் அரிப்பின்போது கல்வெட்டுகளே வெளியே தெரிந்திருக்கின்றன. அப்படி ஏதாவது கண்ணில் பட்டால் தொடாமல், தோண்டாமல், தகவல் கொடுப்பதே நம் வேலை. மாமல்லபுரம் கடற்கரைக் கோயில் மாதிரி தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடங்களுக்கு டிடெக்டரை எடுத்துக்கொண்டு போகவே வேண்டாம்.

நம் கடற்கரைகளுக்கு மெஷின் தேவையா என்றால், தேவைதான். ஈர மணலில் ஒரு சாண் ஆழத்தில் இருப்பதைச் சல்லடை தற்செயலாகத்தான் பிடிக்கும், மெஷின் இடத்தையே காட்டும். ஆனால் எங்கே தேடுவது என்று சொல்லும் அந்தப் பெரியவரும், கிடைத்ததை யாரிடம் கொடுப்பது என்று சொல்லும் அந்த நோட்டும் இல்லையென்றால், மெஷின் வைத்திருப்பவர் இன்னொருவரின் நகையை எடுத்துக்கொண்டு போகிறவர் மட்டுமே. அந்த நோட்டு ஒரு தனி மனிதரின் பையில் இருக்கிறது. அது கோயில் வாசலிலோ, புறக்காவல் நிலையத்திலோ எல்லோர் கண்ணிலும் படும்படி இருந்தால் எத்தனையோ பொருட்கள் வீடு திரும்பும்.

கடலில் இறங்கும் முன்...

* நகையைக் கழற்றி, கரையில் இருக்கும் வீட்டாரிடம் கொடுத்துவிட்டு இறங்குங்கள். குளிர்ந்த தண்ணீரில் விரல் சுருங்கும், இறுக்கமான மோதிரமும் நழுவும்.

* தாலிச் சங்கிலியைக் கழற்ற மனமில்லாதவர்கள், அன்றைக்கு மட்டும் தாலியை மஞ்சள் கயிற்றில் கோத்துக்கொள்ளலாம்.

* தொலைந்துவிட்டால் ஓடாதீர்கள். ஒருவர் அதே இடத்தில் நிற்கட்டும். கரையைப் பார்த்து, நேர் எதிரே தெரியும் கம்பம், கடை, கோபுரம் என இரண்டு அடையாளங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். மொபைலில் ஒரு போட்டோ எடுத்துவிட்டால் இன்னும் நல்லது.

* கூட்டமாக இறங்கி மிதிக்காதீர்கள். மிதிக்க மிதிக்கப் பொருள் ஆழத்துக்குப் போகும்.

* நகையின் போட்டோ ஒன்று எப்போதும் போனில் இருக்கட்டும். கிடைத்தது உங்களுடையதுதான் என்று காட்ட அது உதவும். சல்லடை வைத்திருப்பவர்களிடம் உங்கள் நம்பரைக் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள். அடுத்த அமாவாசைக்குக் கடல் உள்வாங்கும்போது ஒரு போன் வரலாம்.