முகத்துக்கும் உண்டு ஓவர்பர்டன்!

ஆண்களிடம் சவரத்தைப் பற்றிப் பேச்சு எடுத்துப் பாருங்கள். எல்லோரும் பிளேடைப் பற்றித்தான் பேசுவார்கள். 'நம்மது பதினைந்து நாள் வரும் சார்' என்பார் ஒருவர். 'பூ! நான் ஒரு மாசம் ஓட்டுவேன்' என்பார் இன்னொருவர், மொபெட்டுக்கு மைலேஜ் சொல்கிற மாதிரி.

கம்பெனிகளும் சளைத்தவர்கள் இல்லை. 1971-ல் ஜில்லெட் இரட்டை பிளேடைக் கொண்டுவந்தது. 1998-ல் மூன்று. 2003-ல் போட்டிக் கம்பெனி ஒன்று நான்கு என்றது. விடுவார்களா? 2006-ல் ஜில்லெட் ஐந்து பிளேடை ஒரே கைப்பிடியில் கோத்துவிட்டது. பஞ்சபாண்டவர்கள் ஆயிற்று. இனி கௌரவர்கள்தான் பாக்கி!

இத்தனை ஆராய்ச்சியும் பிளேடின் மேல். அந்த பிளேடு போய் இறங்குகிற முகத்தை யாராவது கவனித்தார்களோ? இரண்டு கை தண்ணீரை அறைந்துகொள்ள வேண்டியது, க்ரீமைத் தடவ வேண்டியது, 'சர்ர்ர்' என்று ஒரே இழுப்பு. பிறகு தாடையில் ரத்தம். அதன்மேல் பேப்பர் துணுக்கு ஒன்றை ஒட்டிக்கொண்டு அப்படியே ஆபீசுக்கு ஓட்டம்.

மற்ற ஊர்க்காரர்கள் எப்படியோ போகட்டும். நெய்வேலிக்காரர்களுக்கு இந்த விஷயம் சட்டென்று புரிய வேண்டும். 1957-ல் நேரு தொடங்கி வைத்த முதல் சுரங்கத்திலிருந்து இன்று வரைக்கும் இங்கே பழுப்பு நிலக்கரி மேலாகக் கொட்டிக் கிடந்ததில்லை. அதன் தலைமேல் பல பத்து மீட்டர் மண்ணும் மணற்பாறையும் உட்கார்ந்திருக்கிறது. ராட்சசச் சக்கரத்தைச் சுற்றி வாளி வாளியாகக் கட்டியிருக்கிறார்களே, பக்கெட் வீல் எந்திரம், அது முதலில் வழித்தெடுப்பது அந்த மேல்மண்ணைத்தான். அதற்கு 'ஓவர்பர்டன்' என்று பெயர். எங்கள் டவுன்ஷிப்பில் எல்.கே.ஜி. குழந்தைக்குக்கூட அந்த வார்த்தை தெரியும். மேல்மண்ணை எடுக்காமல் நிலக்கரியில் கை வைக்க முடியாது. அவ்வளவுதான் சித்தாந்தம்.

முகமும் அப்படித்தான். தோல் தானாகச் சுரக்கும் எண்ணெய், செத்த செல்கள், ராத்திரி வியர்வை, தலையில் தடவிய தேங்காயெண்ணெய் கிருதா வழியாக இறங்கியது, ரோட்டுத் தூசி. சுரங்கத்தில் ஷிப்ட் முடித்து வருகிறவர்களுக்குப் போனஸாக சிவப்பு மண்ணும் கறுப்புப் பொடியும் உண்டு. இதற்கெல்லாம் கீழேதான் அந்தத் தாடி முடி நிற்கிறது.

தாடி முடி கெரட்டின் என்கிற புரதத்தால் ஆனது. காய்ந்திருக்கும்போது விறைப்பாக நிற்கும். தண்ணீரைக் குடித்தால் உப்பி இளகிவிடும். இளகிய முடியை வெட்டப் பாதி பலம் போட்டாலே போதும்போல இருக்கும். ஆனால் உடனே இளகாது. இரண்டு மூன்று நிமிஷம் ஊற வேண்டும். மேலே எண்ணெய்ப் படலம் இருந்தாலோ தண்ணீர் வாழை இலையில் விழுந்த மாதிரி உருண்டு ஓடிவிடும்.

மெயின் பஜார் சலூனில் பார்த்திருப்பீர்கள். கடைக்கார அண்ணன் முகத்தில் தண்ணீரைப் பீய்ச்சி, பிரஷ்ஷால் நுரை கிளப்பி, கத்தியைக் கையில் எடுத்துக்கொண்டு, சவரத்தை ஆரம்பிக்காமல், அடுத்த தேர்தலில் யார் ஜெயிப்பார்கள் என்று சொல்ல ஆரம்பிப்பார். 'அண்ணே, நேரமாச்சு' என்று அவசரப்படுத்துகிறோம். அவசரப்படுத்தாதீர்கள். அவர் அரசியல் பேசுகிற அந்த மூன்று நிமிஷத்தில்தான் உங்கள் தாடி ஊறிக்கொண்டிருக்கிறது. விஞ்ஞானம் சார் அது!

இன்னொரு விஞ்ஞானம். அமெரிக்காவில் மாசசூசெட்ஸில் இருக்கிற எம்.ஐ.டி. (நம்ம குரோம்பேட்டை எம்.ஐ.டி. இல்லை) ஆராய்ச்சியாளர்கள் 2020-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பிளேடு எஃகு, முடியைவிட ஏறத்தாழ ஐம்பது மடங்கு கடினமானது. அப்படியிருந்தும் முடியை வெட்டி வெட்டி அதன் விளிம்பு உடைகிறதே, எப்படி? மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார்கள். வெட்டும்போது முடி வளைந்து பக்கவாட்டில் அழுத்துகிறது, விளிம்பில் பலவீனமான இடம் இருந்தால் அங்கே சில்லு பெயர்கிறது என்று கண்டார்கள். 'முடிதானே' என்று அலட்சியமாகச் சொல்ல வேண்டாம். எஃகையே பெயர்க்கிறது.

தண்ணீரின் மகிமைக்கு ஜில்லெட் கதையும் ஒன்று உண்டு. இந்தியாவுக்கு என்று ஒரு ரேசர் செய்து, அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்த இந்திய மாணவர்களிடம் கொடுத்துச் சோதித்தார்கள். பிரமாதம் என்றார்கள் பையன்கள். 2002-ல் இங்கே இறக்கினால், முடி அடைத்துக்கொண்டு நின்றுவிட்டது! காரணம், அங்கே பையன்களுக்குக் குழாயில் தண்ணீர் கொட்டியது. இங்கே பாதிப் பேர் தரையில் உட்கார்ந்து, ஒரு குவளைத் தண்ணீரில் ரேசரை அலசிச் சவரம் செய்துகொள்கிறார்கள். பிறகு இங்கேயே வந்து வீடு வீடாக உட்கார்ந்து பார்த்துவிட்டு, 2010-ல் பதினைந்து ரூபாய்க்கு ஒரு ரேசர் விட்டார்கள். அதில் எத்தனை பிளேடு தெரியுமோ? ஒன்றே ஒன்று! ஐந்து வரைக்கும் எண்ணியவர்கள் திரும்பி வந்து ஒன்றில் நின்றார்கள்.

சரி, மேல்மண்ணை எடுப்பது எப்படி? குளிக்கிற சோப்பு போதாதா? போதும், அழுக்கு போகும். ஆனால் சாதாரண சோப்பு காரத்தன்மை கொண்டது. பி.ஹெச். கணக்கில் ஒன்பது, பத்து. நம் தோலோ ஐந்து, ஐந்தரையில் இருக்கிற சாது. சோப்பு போட்டதும் 'கிறீச்' என்று இழுத்துப் பிடிக்கிறதே, அந்தத் தோலின் மேல்தான் உடனே பிளேடும் ஓடப்போகிறது. ஃபேஸ் வாஷ் எண்ணெயைக் கழுவும், தோலை அவ்வளவு இழுக்காது. இதுதான் வித்தியாசம்.

எந்த ஃபேஸ் வாஷ்? இங்கே என் பி.காம். மூளை முழித்துக்கொள்ளும். கடையில் ஒரு டியூப் சில பத்து ரூபாய்க்கும் இருக்கிறது, பல நூறு ரூபாய்க்கும் இருக்கிறது. இரண்டையும் திருப்பி, பின்னால் எறும்பு எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். முதலில் தண்ணீர். அடுத்து அழுக்கை எடுக்கும் நுரைப்பொருள் ஒன்றிரண்டு. பெரும்பாலும் இரண்டிலும் ஒரே ஜாதிதான். அதன் பிறகுதான் குங்குமப்பூ, முத்துப்பொடி, தங்க பஸ்பம் எல்லாம் வரிசையில் வரும். முகத்தில் அது இருக்கப்போவது அரை நிமிஷம். அப்புறம் மொத்தமும் சாக்கடைக்கு. சாக்கடைக்கு எதற்கு சார் தங்க பஸ்பம்?

ஆகவே மலிவானதே போதும். இரண்டு விஷயம் மட்டும் பாருங்கள். நறநறவென்று துகள் போட்டது வேண்டாம். சவரத்துக்கு முன்னால் தோலைத் தேய்த்துப் புண்ணாக்குவானேன்? பருவுக்கென்று சாலிசிலிக் ஆசிட் சேர்த்ததும் அந்த நேரத்துக்கு வேண்டாம், எரியும்.

இதையெல்லாம் நான் இவ்வளவு தீவிரமாகச் சொல்வதற்குக் காரணம் என் முகம் இல்லை. அப்பாவின் முகம்.

அப்பா சுரங்கத்தில் பக்கெட் வீல் ஓட்டியவர். விடிகாலை ஷிப்டுக்கு இருட்டோடு எழுந்து, நாற்பது வாட்ஸ் பல்பு வெளிச்சத்தில் சவரம் செய்துகொண்டுதான் கிளம்புவார். 'தாடி இருந்தா மாஸ்க் மூஞ்சியில ஒட்டாதுடா. பொடி பூரா உள்ள பூந்துடும்' என்பார். உண்மைதான். தூசிக்கான மாஸ்க் முகத்தில் அழுந்தி உட்கார வேண்டுமானால் நடுவில் தாடி இருக்கக் கூடாது.

ரிடையராகிப் பல வருஷம் ஆகிறது. 75 வயதைத் தாண்டிவிட்டார். இருதயத்தில் ஸ்டென்ட். ரத்தம் உறையாமல் இருக்க தினம் மாத்திரை. தோல், அப்பளம் மாதிரி மெலிந்து மடிப்பு விழுந்துவிட்டது. போன வருஷம் ஒருநாள் தாடைக்குக் கீழே சின்னதாக ஒரு கீறல் போட்டுக்கொண்டார். நமக்கானால் படிகாரக் கல்லைத் தடவினால் நின்றுவிடும். அவருக்கு முக்கால் மணி நேரம் துணியை அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

டாக்டர், 'எலெக்ட்ரிக் ஷேவர் வாங்கிக் கொடுங்க, இல்லேன்னா தாடியை விட்டுடச் சொல்லுங்க' என்றார். அதுதான் சரியான யோசனை. ஒத்துக்கொள்கிற அப்பா உள்ளவர்கள் அதையே செய்யுங்கள். எங்கள் அப்பா ஷேவரை இரண்டு நாள் போட்டுப் பார்த்துவிட்டு, 'காதுகிட்ட வண்டு ஓடுது' என்று டப்பாவில் போட்டு மூடிவிட்டார். தாடி விடுவதற்கோ சம்மதமே இல்லை. 'பாக்கிறவன் எல்லாம் வீட்ல துக்கமான்னு கேப்பான்டா!'

அதனால் சவரம் என் பொறுப்புக்கு வந்தது. டாக்டரிடமும் சொல்லிவிட்டேன், 'புது பிளேடு, மெதுவா, வெட்டினா உடனே அழுத்திப் பிடிங்க' என்று எச்சரித்தார். வாசல் பக்கம் நாற்காலி, தோளில் துண்டு. வெதுவெதுப்பான தண்ணீர். என் மனைவியின் பச்சை டியூப்பிலிருந்து கடலை அளவு ஃபேஸ் வாஷ். விரல் நுனியால் மட்டும், வட்டமாக, அரை நிமிஷம். கழுவிவிட்டுத் துடைப்பதில்லை. ஈரத்தின் மேலேயே க்ரீம் பூசி, பிரஷ்ஷால் நுரை கிளப்பி, இரண்டு நிமிஷம் காத்திருப்பேன். அந்த நேரத்தில் அவர் பேப்பர் தலைப்பைச் சத்தமாகப் படிப்பார். பிறகு ஒற்றை பிளேடு, முடி வளர்ந்த திசையிலேயே, தோலை லேசாக இழுத்துப் பிடித்து.

ஃபேஸ் வாஷ் நுரையிலேயே சவரத்தை முடிக்கலாமே என்று சிக்கன சிகாமணிகள் கேட்பார்கள். வேண்டாம். அந்த நுரை சீக்கிரம் செத்துவிடும், வழுக்காது. கழுவுவது ஒரு வேலை, வழுக்க வைப்பது இன்னொரு வேலை. ஃபேஸ் வாஷ் மந்திரமும் இல்லை. மழுங்கிய பிளேடையோ நடுங்குகிற கையையோ அது காப்பாற்றாது.

ஏழு மாதமாகிறது. ஒரு கீறல் இல்லை.

நம் வீடுகளில் அப்பாவின் கன்னத்தை யார் சார் தொட்டிருக்கிறோம்? அடி வாங்கும்போது அவர் கை நம் கன்னத்தைத் தொட்டதோடு சரி. முதல் வாரம் இருவருக்குமே கூச்சம். அவர் கண்ணை மூடிக்கொண்டார், நான் தாடையை மட்டும் பார்த்தேன். அப்புறம் பழகிவிட்டது. ஒருநாள் நுரையைக் கழுவும்போது மோவாய்க்குக் கீழே கடுகளவு ஒரு நீலப் புள்ளி தென்பட்டது. பேனா மையோ என்று இன்னும் கொஞ்சம் ஃபேஸ் வாஷ் போட்டுத் தேய்த்தேன். 'அது போவாதுடா. மைன்ஸ்ல கம்பி கிழிச்சப்ப பொடி உள்ள தங்கிடுச்சு. நீ அப்ப பொறக்கவே இல்ல' என்றார். இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் அதை நான் பார்த்ததில்லை. அவர் நிமிர்ந்து உட்கார்ந்து, நான் குனிந்து பார்த்தால்தானே தெரியும்!

'என்னங்க, டியூப்பு மாசத்துக்கு ரெண்டு ஆவுதே?' என்று மனைவி கணக்குக் கேட்டாள். ரத்தம் நிற்காமல் ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் ஓடினால் என்ன செலவு, இது என்ன செலவு என்று பேப்பரில் போட்டுக் காட்டினேன். பி.காம். படித்ததற்கு அன்றைக்குத்தான் வீட்டில் மரியாதை கிடைத்தது. இப்போது மாமனாருக்கென்று தனி டியூப் அவளே வாங்கி வைக்கிறாள்.

தினமும் முகத்தைக் கழுவி முடித்ததும் அப்பா கண்ணைத் திறக்காமலே உத்தரவு கொடுப்பார்: 'ஓவர்பர்டன் கிளியர். மிஷினை எறக்கு!'