மாமனாரின் டிராக்டரும் அத்தையின் இடது கையும்

ரிடையர் ஆன கணவரை வீட்டில் வைத்துக்கொண்டு எப்படிச் சமாளிப்பது என்று யாராவது என்னிடம் கேட்டால், "உங்கள் கொட்டகையில் ஏதாவது பழைய இரும்பு கிடக்கிறதா பாருங்கள்" என்றுதான் சொல்வேன். வேடிக்கைக்குச் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் நடந்தது அதுதான்.

இவர் 2022-ல் கூட்டுறவு வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். முதல் மூன்று மாதம் சமையலறை வாசலில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, "இந்தப் பருப்புக்கு இத்தனை தண்ணியா? இந்த அடுப்பை எதுக்கு இவ்வளவு பெரிசா எரிய விடறே?" என்று தணிக்கை நடத்தினார். சர்க்கரை வேறு எட்டிப் பார்த்தது. டாக்டர், "குனிந்து நிமிர்ந்து ஏதாவது வேலை செய்யுங்கள்" என்றார். மறுநாள் காலையில் ஆளைக் காணோம். தேடிப் போனால் கொல்லையில் தகரக் கொட்டகைக்குள், ஒரு ஸ்பேனரோடு நின்றுகொண்டிருக்கிறார்.

அந்தக் கொட்டகையில் கிடந்தது மாமனாரின் மாஸி ஃபெர்குஸன் 1035. எங்கள் ஊர் கோபிச்செட்டிபாளையம் பக்கம். நெல்லும் கரும்பும் மஞ்சளும் விளைகிற பூமி. 1979-ல் நிலத்தை அடமானம் வைத்து மாமனார் வாங்கிய வண்டி. 1996-ல் கடைசியாக ஓடியது. அப்புறம் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டது. நான் 1988-ல் மருமகளாக வந்தபோது அது சிவப்பு பானெட்டும் சாம்பல் நிற உடம்புமாக ஜம்மென்று இருந்தது. இப்போது பார்த்தால் எல்லாம் ஒரே துருக்கலர். காற்று வடிகட்டிக்குள் எலி குட்டி போட்டிருந்தது. டயர்கள் வெயிலில் காய்ந்த வற்றல் மாதிரி வெடித்துக் கிடந்தன.

"பழைய இரும்புக்காரனுக்குப் போட்டா ஏதாவது வருமுங்க" என்றேன்.

முறைத்தார் பாருங்கள்! முப்பத்து நாலு வருஷத் தாம்பத்தியத்தில் அப்படி முறைத்ததே இல்லை.

முதல் கஷ்டம், இஞ்சின் இறுகிப்போயிருந்தது. மூன்று சிலிண்டர் சிம்சன் டீசல் இஞ்சின். இருபத்தைந்து வருஷமாக அசையாமல் கிடந்ததில் பிஸ்டன்கள் உள்ளேயே ஒட்டிக்கொண்டன. ஊர் மெக்கானிக் சம்மட்டியைத் தூக்கினார். இவர் தடுத்துவிட்டார். இஞ்செக்டர்களைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாக டீசலும் இஞ்சின் ஆயிலும் கலந்து ஊற்றி, பத்து நாள் அப்படியே விட்டார். தினமும் ஒரு கரண்டி, வேளை தவறாமல். எனக்கும் குழந்தைகளுக்கும் ஒரு நாளாவது இப்படி நேரத்துக்கு மருந்து கொடுத்திருப்பாரா? பதினோராம் நாள் பின்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேல் கியரில் போட்டு முன்னும் பின்னும் அசைத்தார். ஒரு விரற்கடை அசைந்தது. அன்று மதியம் இரண்டு கரண்டி சோறு கூடுதலாகச் சாப்பிட்டார். சர்க்கரையை நினைத்து நான் வாய் திறக்கவில்லை.

அதற்குப் பிறகு என்னையும் இழுத்துக்கொண்டார். துரு எடுப்பது என் இலாகா ஆயிற்று. பித்தளைப் பாத்திரத்துக்குப் புளி போடுகிற நமக்கு இதைச் சொல்லித்தர வேண்டுமா? சின்னச் சின்ன போல்ட்டுகளைப் புளிக்கரைசலில் ராத்திரி போட்டுக் காலையில் தேய்த்தேன். பாதி துரு போயிற்று. பெரிய சாமான்களுக்குச் சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகு. ஒரு பங்கு பாகு, ஒன்பது பங்கு தண்ணீர், இரண்டு மூன்று வாரம் ஊற வேண்டும். வாடை இருக்கிறதே, அதைச் சொல்லி முடியாது. வீட்டிலிருந்து எட்டத்தில் தொட்டியை வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் எடுத்துத் தண்ணீர் அடித்தால் இரும்பு கருஞ்சாம்பலாகச் சுத்தமாக வரும். உடனே துடைத்து எண்ணெய் தடவாவிட்டால், மாலைக்குள் மறுபடி துரு பூத்துவிடும். அலுமினிய சாமானை மட்டும் இதில் போடக்கூடாது, அரித்துவிடும்.

வண்டியோடு வந்த கலப்பைகளும் மூலைக்கு ஒன்றாகக் கிடந்தன. ஒன்பது கொத்துக் கலப்பை அவரைப் பந்தலுக்கு முட்டாக நின்றது. அதன் கொழுமுனைகள் மழுங்கியிருந்தன. திருப்பி மாட்டினால் மறுமுனை புத்தம் புதிதாக இருக்கிறது! இரண்டு பக்கமும் கூராகத்தான் செய்திருக்கிறார்கள். நம் வீட்டுச் சாமான்கள் ஏதாவது இப்படி உண்டா சொல்லுங்கள். சட்டிக் கலப்பைக்கு இரண்டு சட்டி. ஒன்று கலப்பையிலேயே இருந்தது. இன்னொன்றை ஊரெல்லாம் தேடினோம். கடைசியில் பக்கத்துத் தோட்டத்தில் கோழிகளுக்குத் தண்ணீர் வைத்திருந்தார்கள். ஒரு பிளாஸ்டிக் தொட்டியும் ஒரு படி நிலக்கடலையும் கொடுத்துத்தான் மீட்டு வந்தேன்.

இந்த வேலையில் இறங்குகிற வீடுகளுக்கு ஒரு எச்சரிக்கை. பழைய வண்டிகளின் பிரேக் லைனிங்கிலும் கிளட்ச் தட்டிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருப்பது சகஜம். அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. ஊதவோ காற்றடிக்கவோ கூடாது, நனைத்துத்தான் துடைக்க வேண்டும். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். சுரண்டும்போது குழந்தைகள் பக்கத்தில் வேண்டாம். லீவுக்கு வந்த பேரனைக் கொட்டகைப் பக்கமே நான் விடவில்லை. இவர் துணிகளையும் தனியாகத்தான் துவைத்தேன். டெட்டனஸ் ஊசி இரண்டு பேருக்கும் போட்டாயிற்று.

செலவுக் கணக்கு நோட்டு என்னிடம்தான். பம்பை ஈரோட்டுக்கு அனுப்பிச் சரிபார்த்தது, ரேடியேட்டர், முன்னால் 6.00-16, பின்னால் 12.4-28 என்று நாலு புது டயர். எண்பதாயிரத்தைத் தாண்டியதும் கூட்டுவதை நிறுத்திவிட்டேன். இந்த வரிசை வண்டிகள் இன்னும் ஏராளமாக ஓடுவதால் பாகங்களுக்குப் பஞ்சமில்லை, அது ஒரு புண்ணியம்.

சாயந்திரங்களில் இவர் எனக்குப் பாடம் நடத்துவார். எங்கள் வண்டிக்குத் தாத்தா முறை, ஹாரி ஃபெர்குஸன் என்கிற அயர்லாந்துக்காரர் வடிவமைத்த சின்னச் சாம்பல் நிற டிராக்டர். 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தில் கவென்ட்ரி நகரில் செய்தார்கள். எவரெஸ்ட் ஏறினாரே எட்மண்ட் ஹிலாரி, அவர் 1958 ஜனவரியில் தென்துருவத்துக்குப் போய்ச் சேர்ந்தது அந்த டிராக்டர்களில்தானாம். சென்னையில் டாஃபே கம்பெனி 1960-ல் ஆரம்பித்தபோது அந்த வம்சம் நம் ஊருக்கு வந்தது. அந்தக் காலத்து டிராக்டர்களில் கலப்பை எங்காவது பாறையில் மாட்டினால், முன்பக்கம் குதிரை மாதிரி எழும்பிப் பின்பக்கமாகக் கவிழ்ந்துவிடும். எத்தனையோ ஓட்டுநர்கள் அப்படி நசுங்கிச் செத்திருக்கிறார்கள். ஃபெர்குஸன் கலப்பையை மூன்று புள்ளிகளில் வண்டியோடு இணைத்து, ஹைட்ராலிக் தூக்கியும் வைத்து, அந்த ஆபத்தை வெகுவாகக் குறைத்தார். "அந்த மனுஷனுக்குக் கோயிலே கட்டலாம்" என்பார் இவர்.

இத்தனை நடக்கிறது, அத்தை மட்டும் ஒரு தடவைகூடக் கொட்டகைப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. எண்பது வயதிலும் கோழிக்கு அரிசி போட, கறிவேப்பிலை பறிக்க என்று தோட்டமெல்லாம் நடக்கிறவர், கொட்டகையைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கமாகப் போவார். நான் கவனித்தேன். இவர் கவனித்ததாகத் தெரியவில்லை.

அத்தைக்கு இடது கை தோளுக்கு மேலே எழும்பாது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவருக்குத் தலை சீவிக் கொண்டை போட்டு விடுவது நான்தான். "டிராக்டர்ல அடிபட்டதுங்க" என்று அப்போது யாரோ சொன்னார்கள். புது மருமகள், மேலே கேட்கவில்லை. பிறகு கேட்கத் தோன்றவில்லை. முப்பத்து நாலு வருஷம் தலை சீவியிருக்கிறேன், கேட்கவில்லை பாருங்கள்!

ஒரு வெள்ளிக்கிழமை எண்ணெய் வைத்துச் சீவும்போது கேட்டேன். "ஏனுங்க அத்தை, அந்த வண்டியில என்னதான் ஆச்சு?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்.

1983-ல் சோளம் அறுத்துக் களத்தில் குவித்திருந்தார்கள். டிராக்டரின் பின்பக்கம் ஒரு தண்டு நீட்டிக்கொண்டிருக்கும். பி.டி.ஓ. என்பார்கள். அதில் இன்னொரு நீளத் தண்டை மாட்டித்தான் கதிரடிக்கிற மிஷினை ஓட்டுவது. "தண்டுக்குக் கீழே சோளத்தட்டு சிக்கிக் கிடந்துச்சு கண்ணு. குனிஞ்சு இழுத்தேன். முந்தானையை எங்கே பார்த்தேன்? புடிச்சு இழுத்துச்சு, அவ்வளவுதான் தெரியும். கை போயிருச்சுன்னே நெனச்சேன். உங்க மாமா ஓடி வந்து நிறுத்துற கம்பியை இழுத்தாரு. அன்னைக்கு நைஞ்ச சுங்குடிச் சேலை கட்டியிருந்தேன். டர்ருன்னு கிழிஞ்சு போச்சு. முந்தின நாள் கட்டுன நைலக்ஸ் சேலையா இருந்தா, நீ இந்த வீட்டுக்கு வர்றப்ப நான் போட்டோவுல தான் இருந்திருப்பேன்."

கை இரண்டு இடத்தில் முறிந்து, தோள் நழுவி, மூன்று மாதம் படுக்கை. தண்டின் மேல் இருக்க வேண்டிய மறைப்பைக் கழற்றி வைத்தது எங்கள் ஆட்களேதான். மாட்டிக் கழற்ற இடைஞ்சலாக இருக்கிறதாம். அடுத்த வருஷமும் அதே வண்டி, அதே களம். கடன் அடைய வேண்டுமே! அத்தை மட்டும் களத்துக்குப் போவதை விட்டுவிட்டார்.

"எங்கிட்டே ஏன் சொல்லலைங்க?"

"சொல்லி என்ன கண்ணு? அப்பன் ஞாபகமா அவன் ஆசையா தட்டிக்கிட்டு இருக்கறான்."

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. இவரை எழுப்பி, "அந்தத் தண்டு எவ்வளவு வேகமுங்க சுத்தும்?" என்று கேட்டேன். நிமிஷத்துக்கு 540 சுற்று. அதாவது நொடிக்கு ஒன்பது. இவர் எழுந்து உட்கார்ந்து, பேங்க்காரர் அல்லவா, காகிதத்தில் கணக்குப் போட்டார். தண்டு ஒரு நொடியில் இரண்டு மீட்டர் துணியைச் சுருட்டிவிடும். ஐந்தரை மீட்டர் சேலை மூன்று நொடிக்குள் முடிந்தது. "ஐயோ" என்று சொல்வதற்குள் என்று சொல்வார்களே, நிஜமாகவே அவ்வளவுதான்.

கணக்கைப் போட்டுவிட்டு இவர் அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாவுக்கு அடிபட்டபோது இவர் கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் இருந்தவர். லீவுக்கு வந்தபோது கட்டுப் போட்ட கையைத்தான் பார்த்திருக்கிறார்.

"உங்க ஃபெர்குஸன் ஓட்டறவனைக் காப்பாத்தினாரு, சரி. பின்னாடி நின்னு தட்டு அள்ளறவளுக்கு நாமதானுங்களே ஏதாச்சும் செய்யோணும்?" என்றேன்.

பெயிண்ட் அடிக்கிற வேலையை அப்படியே நிறுத்தினோம். தண்டு வேலையில்லாதபோது திருகி மூடும் மூடி கடையிலேயே கிடைத்தது. மேலே வருகிற தகட்டு மறைப்பை ஊர்ப் பட்டறையில் அளவெடுத்து அடித்தோம். பட்டறைக்காரர், "இதை யாருங்க மாட்டறாங்க? ஒரு மாசத்துல கழட்டிப் போட்டுருவீங்க" என்று சிரித்தார். கழற்ற முடியாதபடி போல்ட்டை ஒட்ட வைத்துத் தரச் சொன்னேன். நீளத் தண்டுக்கு பிளாஸ்டிக் உறை போட்டதாகப் புதிதாகவே வாங்கினோம். உறை சங்கிலியில் மாட்டிச் சும்மா நிற்கும். உள்ளே தண்டு மட்டும் சுற்றும். துணி பட்டாலும் உறையில்தான் படும். அதற்காக அருகே போகலாம் என்று அர்த்தமில்லை. உறை போட்டாலும் சேலை, துப்பட்டா, நைட்டி, பின்னல், எதுவும் ஓடுகிற தண்டுக்குப் பக்கத்தில் போகவே கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். சிக்கியதை எடுக்க வேண்டுமானால், முதலில் இஞ்சினை நிறுத்து. இது மாவு மிஷினுக்கும் தென்னை மட்டை மிஷினுக்கும்கூடப் பொருந்தும் சகோதரிகளே.

வண்டி கிளம்பிய நாளை மறக்க முடியாது. டீசல் குழாயில் காற்று இருந்தால் இஞ்சின் பிடிக்காது. திருகைத் தளர்த்திக் கையால் பம்ப் அடித்துக் குமிழி எல்லாம் வெளியேறும்வரை காத்திருக்க வேண்டும். ஊசி போடுமுன் நர்ஸ் காற்றை வெளியேற்றுவது போல. இரண்டு தடவை உறுமி நின்றது. மூன்றாம் தடவை குப்பென்று கரும்புகை கக்கி, 'டுக்டுக்டுக்' என்று பிடித்துக்கொண்டது. இவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார், புகை என்றார்.

திரும்பிப் பார்க்கிறேன், அத்தை! மாட்டுக் கொட்டகை ஓரம் வரை வந்து நிற்கிறார். இஞ்சினை நிறுத்தச் சொல்லிக் கை காட்டினேன். சத்தம் அடங்கியதும் மெள்ள நடந்து வந்து, வண்டியைச் சுற்றிப் பின்பக்கம் போனார். சிவப்பு பானெட்டைப் பார்க்கவில்லை, புது டயரைப் பார்க்கவில்லை. வலது கையால் அந்தத் தகட்டைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். மூடியைத் திருகிப் பார்த்தார்.

"கெட்டியாத்தான் போட்டிருக்கறீங்க" என்றார். பிறகு மகனைப் பார்த்து, "அந்த இன்னொரு சட்டியை எப்ப மாட்டப் போறே? மழைக்கு முன்னாடி கீழ்க்காட்டை ஓட்ட வேண்டாமா?" என்று கேட்டுவிட்டுக் கறிவேப்பிலை பறிக்கப் போய்விட்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமை எண்ணெய்க் கிண்ணத்தோடு ஹாலுக்கு வந்தேன். "கட்டிலைக் கொல்லையில போடு கண்ணு, இங்கே காத்தே வரல" என்றார் அத்தை. கொட்டகைக்கு எதிரே கட்டிலைப் போட்டேன். ஹாலில் ஃபேன் ஓடிக்கொண்டுதான் இருந்தது.