வலப்பக்கத்து ஜன்னல்

சாளரம் என்ற சொல் எனக்கு ஒட்டுவதில்லை. ஜன்னல் போதும். போர்ச்சுக்கீசியனிடமிருந்து வந்தது என்பதற்காக அதை வீட்டிலிருந்து பெயர்த்தெடுத்துவிட்டோமா என்ன?

பெருமாள்மலையில் இருந்த நண்பர் போன மழைக்காலத்தில் காலமானார். அவருடைய கடைசி ஐந்து கவிதைகள் பழைய லேப்டாப் ஒன்றில் இருந்தன. டெபியன் லினக்ஸ், எக்ஸ்எஃப்சிஇ மேசை. வெளித்திரையை மகன் எடுத்துக்கொண்டு போய்விட்டதால், லேப்டாப்பை மட்டும் அண்ணி என்னிடம் கொடுத்தார். அந்தத் திரைக்கான சின்ன அடாப்டர் பக்கவாட்டில் செருகியபடியே இருந்தது. நான் அதைப் பொருட்படுத்தவில்லை.

திறந்ததும் ஐந்து ஜன்னல்கள் தாமாக எழுந்து நின்றன. அவர் கடைசியாக விட்டுப்போன நிலை. வாசித்தேன். தளர்ந்த வரிகள், சொன்னதையே திரும்பச் சொல்லும் படிமங்கள். திண்டுக்கல்லில் நடந்த நினைவுக் கூட்டத்தில், கடைசிக் காலத்தில் அவர் கை நழுவிவிட்டது என்று கட்டுரை படித்தேன். நண்பன் என்பதற்காகச் சலுகை காட்டக்கூடாது என்ற கர்வமும் அதில் இருந்தது. அண்ணி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

இரண்டு வாரம் கழித்து, மவுஸின் அம்புக்குறி திரையின் வலது ஓரத்தில் முட்டி நிற்காமல் உள்ளே போய் மறைவதைப் பார்த்தேன். தூண்பாறைக்கு மதியத்துக்கு மேல் வருகிறவர்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெறும் வெள்ளையைப் பார்த்து நிற்பார்கள். பாறை எதிரிலேயே இருக்கும். ஆல்ட்டையும் டேபையும் சேர்த்து அழுத்தினேன். பட்டியலில் ஒன்பது ஜன்னல்கள். நான்கு தலைப்புகள் இரண்டு முறை வந்தன.

ஜன்னல்களை நடுவில் வை என்ற அமைப்பை முதலில் மாற்றிப் பார்த்தேன். பலனில்லை. அது புதிதாகத் திறப்பவற்றுக்கு. இவையோ சேமித்த இடத்தை நினைவில் வைத்திருப்பவை. எக்ஸ்ரேண்டர் என்ற கட்டளைதான் காட்டிக்கொடுத்தது. அடாப்டரின் மறுமுனையில் ஒரு திரை இருப்பதாகவே இயந்திரம் நம்பிக்கொண்டிருந்தது. லேப்டாப் திரையின் 1366 புள்ளிகளுக்கு அப்பால் அந்த இல்லாத திரை தொடங்கியது.

இதற்கெல்லாம் அடியில் இருக்கும் எக்ஸ், 1984இல் எம்ஐடியில் பிறந்தது. வழியைத் தருவேன், விதியைத் தரமாட்டேன் என்பது அதன் கொள்கை. இன்ன இடத்தில் வை என்று ஒரு நிரல் கேட்கும். ஜன்னல் மேலாளர் என்ற இன்னொரு நிரல் அதை ஏற்கலாம், மறுக்கலாம். கவிஞனுக்கும் பத்திரிகாசிரியனுக்கும் உள்ள உறவு. 2008இல் தொடங்கிய வேலண்டில் இந்தப் பேரமே கிடையாது. சாதாரண ஜன்னலுக்குத் திரையில் தான் எங்கே நிற்கிறோம் என்றே தெரியாது. அதைத்தான் பாதுகாப்பு என்கிறார்கள். இருக்கலாம்.

அடாப்டரைப் பிடுங்கியிருந்தால் எல்லாம் இந்தப் பக்கம் வந்து விழுந்திருக்கும். எனக்குக் கை வரவில்லை. ஆல்ட்டோடு எஃப்7 அழுத்தி, இடது அம்புவிசையைத் தட்டித் தட்டி ஒவ்வொன்றாக இழுத்தேன். முதல் கவிதையில் பதினெட்டு வரி ஒன்பதாகியிருந்தது. நான் மேடையில் குறை சொன்ன வரிகளில் ஒன்றுகூட இல்லை. மற்ற மூன்றும் அப்படியே. ஐந்தாவதற்கு மட்டும் வலப்பக்கத்தில் ஒன்றுமில்லை.

அண்ணிக்குப் போன் செய்தேன்.

"எடது பக்கம் பழசு, வலது பக்கம் புதுசு தம்பி. ரெண்டையும் பாத்துக்கிட்டேதான் எழுதுவாரு."

"கூட்டத்துல நான் படிச்சப்பவே உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"ஏன் அண்ணி சொல்லல?"

"நீங்க கேக்கலியே."

கோப்புகளைத் தேடியிருக்கலாம். எதிரில் நின்றதை வாசித்தேன், அவ்வளவுதான். நான்கு கவிதைகளையும் வலப்பக்கத்து வடிவத்தில் இத்துடன் அனுப்பியிருக்கிறேன். கூட்டத்தில் படித்த கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன். ஐந்தாவது கவிதையைப் பற்றிய இரண்டு பத்திகளை மட்டும் எடுக்கவில்லை. அவை சரி என்றே இப்போதும் நினைக்கிறேன்.