கரிசலிலிருந்து மேற்கே – 3: பருத்திக்கு விடுப்பு

சைக்கிளில் மலையேற எடுத்து வைத்த துணிகளைப் புரட்டிப் பார்த்த சித்தி, "இதுல ஒண்ணுகூட நூல் துணி இல்லையேடி" என்றாள்.

அவள் கவலை நியாயமானது. சித்திக்குப் பட்டாசு ஆபீஸில் வேலை. அங்கே நைலானும் பாலியஸ்டரும் ஆகாது. துணி உரசி நிலைமின்சாரம் ஏறும். மருந்து அறையில் ஒரு பொறி போதும். அதனால் உடம்பில் பருத்திதான் இருக்க வேண்டும். அறைக்குள் நுழையுமுன் வாசலில் உள்ள செம்புத் தகட்டில் கை வைத்துவிட்டுப் போவாள். ஆலங்குளத்தைச் சுற்றியுள்ள கரிசலில் பருத்தி வெறும் பயிர் இல்லை, உயிர்க்காப்பு.

குளிரில் சைக்கிள் மிதிப்பவருக்கு இதே விதி தலைகீழ். காட்ரோட்டிலிருந்து கொடைக்கானலுக்குச் சுமார் ஐம்பது கிலோமீட்டர் ஏற்றம். மார்கழியிலும் முதுகு நனைந்துவிடும். பருத்தி அந்த வியர்வையைக் குடித்துவிட்டு விடமாட்டேன் என்று பிடித்துக்கொள்ளும். பெருமாள்மலையில் டீ குடிக்க இறங்கினால் ஈரத்துணியில் காற்று பட்டு, பல் தந்தியடிக்கும். உயரம் ஆயிரம் மீட்டர் கூடினால் வெப்பம் ஆறரை டிகிரி குறையும் என்பது பொதுக்கணக்கு. கொடைக்கானல் 2,100 மீட்டருக்கு மேல். அதோடு வேகம் வேறு. 8 டிகிரிக் குளிரில் மணிக்கு 40 கிலோமீட்டரில் இறங்கினால் தோலுக்கு அது 3 டிகிரி மாதிரிதான் இருக்கும். என்னைப்போல் சின்ன உடம்புக்காரிகளுக்கு எடையோடு ஒப்பிட்டால் தோல் பரப்பு அதிகம். சூடு சீக்கிரம் வெளியேறும், விரல்தான் முதலில் மரத்துப்போகும்.

என்ன வாங்க வேண்டும் என்று முடிவு செய்வது சுலபம்: உடம்போடு ஒட்டிய பாலியஸ்டர் இன்னர், மேலே மெல்லிய ஃப்ளீஸ், அதற்கும் மேலே காற்றை மறிக்கும் விண்ட்சீட்டர். நாலடி பத்து அங்குல உயரத்துக்கு இவற்றைத் தேடுவதுதான் பெரும்பாடு. மதுரைக் கடையில் பெண்கள் பகுதியில் இருந்த கடைசிச் சின்ன அளவைப் போட்டால் தோள் தையல் பாதிக் கையில் தொங்குகிறது, கழுத்து ஜிப் வாயை மூடுகிறது. "லூசா இருந்தா உள்ள இன்னொரு ஸ்வெட்டர் போட்டுக்கலாம்க்கா" என்றது கடைப்பெண். நடப்பவருக்குச் சரி. சைக்கிளில் லூசான சட்டை படபடவென்று அடித்து, உள்ளே தேங்கிய சூட்டையெல்லாம் வெளியே தள்ளிவிடும்.

சரி, சிறுவர் பகுதி. பன்னிரண்டு வயதுப் பையனின் ஃப்ளீஸ் தோளில் கச்சிதமாக உட்கார்ந்தது. ஆனால் இடுப்புக்கு வந்ததும் ஜிப் நின்றுவிட்டது. பையனுக்கு இடுப்பு எங்கே இருக்கிறது! 1991-இல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் பெண்களைச் சைக்கிளில் ஏற்றியபோது, லேடீஸ் சைக்கிள் போதாமல் ஜென்ட்ஸ் சைக்கிளிலேயே அவர்கள் பழகினார்கள். அடுத்தவருக்கு அளவெடுத்ததில் நம்மைப் பொருத்திக்கொள்வது நமக்குப் பழகியதுதான். ஆனாலும் ஒரு எல்லை உண்டு.

கடைக் கண்ணாடி முன் நிமிர்ந்து நின்று பார்த்து எதையும் வாங்காதீர்கள். ஹேண்டிலைப் பிடிப்பதுபோல் கையை நீட்டிக் குனியுங்கள். மணிக்கட்டில் சரியாக இருந்த கை இரண்டு அங்குலம் மேலேறும், முதுகில் சட்டை தூக்கிக்கொண்டு இடுப்பு வெளியே தெரியும். நின்றால் கொஞ்சம் நீளமாகத் தெரிவதுதான் ஓட்டும்போது அளவாக இருக்கும். பேன்ட்டில் முழங்கால் வளைவு எங்கே விழுகிறது என்றும் பாருங்கள். எனக்கு அது கெண்டைக்காலில் விழுந்தது. அதை எந்தத் தையல்காரராலும் மேலே ஏற்ற முடியாது. கையுறையில் விரல்நுனி காலியாகத் தொங்கினால் கண்டிப்பாக வேண்டாம், இறக்கத்தில் பிரேக்கைத் தேடிக்கொண்டிருப்பீர்கள். பெரும்பாலான பிரேக் பிடிகளில் ஒரு சின்னத் திருகு இருக்கும். அதைத் திருகினால் பிடி கைக்கு அருகில் வரும். கையுறையை மாட்டிக்கொண்டே அதைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

கடைசியில் பெண்கள் ஃப்ளீஸ் ஒன்றை வாங்கி ஆலங்குளம் டெய்லர் அண்ணாச்சியிடம் கொண்டுபோனேன். கையை மணிக்கட்டுப் பக்கம் வெட்டிவிடுவாரோ என்று பயந்தேன். அவர் அங்குள்ள எலாஸ்டிக்கைத் தொடவே இல்லை. அக்குளில் தையலைப் பிரித்துத் தோளைக் குறுக்கி, கையை மேலிருந்தே ஏற்றினார். விண்ட்சீட்டரை நீட்டியதும் திருப்பித் தந்துவிட்டார். "இதுல ஊசி போட்டா ஓட்டை ஓட்டையா தண்ணி இறங்கும் தாயி. பையன் சைஸே எடுத்து, இடுப்பு ஜிப்பத் தொறந்து விட்டுக்க" என்றார். அப்படியே செய்தேன்.

குளிர்காலத்தில் திபெத்தியர்கள் மதுரையில் கடை விரித்து விற்கும் தடித்த ஸ்வெட்டரைப் பற்றியும் கேட்கிறார்கள். ராத்திரி அறையில் போட்டுக்கொள்ள அருமை. சைக்கிளில், பின்னலின் கண்வழியே காற்று நேராக நெஞ்சுக்கு வந்துவிடும். அதைவிடச் செய்தித்தாள் மேல். பிரான்ஸ் நாட்டுச் சைக்கிள் பந்தயத்தில் கணவாய் உச்சிக்கு வந்ததும் வீரர்கள் செய்தித்தாளை வாங்கிச் சட்டைக்குள் செருகி இறங்குவது பழைய வழக்கம். சிவகாசிப் பக்கத்துக்காரிக்குக் காகிதத்துக்கா பஞ்சம்? கொடைக்கானலிலிருந்து பூம்பாறைக்கு விடிகாலையில் இறங்கும்போது, நேற்றைய தினசரியை நான்காக மடித்து இன்னருக்கும் ஃப்ளீஸுக்கும் நடுவே வைத்துக்கொண்டேன். நெஞ்சுக்குக் குளிரே தெரியவில்லை. கால்விரல்தான் கெஞ்சியது. ஷூவின் முன்பக்கக் காற்றுத்துளைகளை டேப் போட்டு ஒட்டியிருக்கலாம்.

பூம்பாறையில் படிப்படியாக இறங்கும் பூண்டு வயல்களில் வெயில் விழுந்த பிறகு காகிதம் வெளியே வந்தது, ஃப்ளீஸ் பைக்குள் போனது. அங்கிருந்து மன்னவனூர். மத்திய ஆடு, கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல மையம் அங்கேதான் இருக்கிறது. சோக்லா, நாலி என்ற ராஜஸ்தான் பக்கத்து ஆடுகளோடு ராம்பூயே, சோவியத் மெரினோ கிடாக்களைச் சேர்த்து உருவாக்கிய பாரத் மெரினோ ஆடுகள் புல்வெளியில் மேய்ந்துகொண்டிருந்தன. மெரினோ கம்பளி தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு ஈரத்தை வாங்கிக்கொண்டும் தோலுக்கு நனைந்ததாகக் காட்டாது; பாலியஸ்டர்போல் இரண்டாம் நாள் நாறவும் செய்யாது. மதுரையில் மெரினோ இன்னரின் விலைச்சீட்டைப் பார்த்துவிட்டுத்தான் மடித்து வைத்துவிட்டு வந்திருந்தேன்.

வேலிக்கு இந்தப் பக்கம் மாடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவரிடம், இந்த முடியில்தான் எங்களுக்குக் குளிர்ச்சட்டை செய்கிறார்கள் என்றேன். அவர் ஆட்டைப் பார்த்தார், என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஒனக்கு ஒரு ஆடு எதுக்கும்மா? குட்டியே போதுமே."