நந்தவனத்தை விற்ற பின்

இராஜகீழ்ப்பாக்கத்தில் நாங்கள் மனை வாங்கிய 1984-ஆம் ஆண்டில், அதைச் சுற்றிலும் வீடுகளைக் காட்டிலும் வேலிகாத்தான் புதர்களே மிகுதி. வீடு எழும்புமுன் கிணறு வெட்டினோம். கிணற்றடியில் என் இல்லாள் முதன்முதலில் ஊன்றியது நந்தியாவட்டைப் போத்து. பின்னர் அரளி, செம்பருத்தி, சங்குபுஷ்பம், வாசலில் பவழமல்லி, ஈசானிய மூலையில் வில்வம் என ஒவ்வொன்றாய் வந்து சேர்ந்தன. திருப்புகலூர் முருக நாயனார் கோட்டுப்பூ, கொடிப்பூ, நிலப்பூ, நீர்ப்பூ என நால்வகை மலரும் கொய்து மாலை தொடுத்தவர். எங்கள் தோட்டத்தில் நீர்ப்பூ மட்டும் வாய்க்கவில்லை. சிமெண்டுத் தொட்டியில் அல்லி வைத்துப் பார்த்தோம், கொசுதான் பெருகிற்று.

அம்மலர்களில் பெரும்பங்கு மாடம்பாக்கம் தேனுபுரீஸ்வரருக்கே சென்றது. கபில முனிவர் பசுவாய்ப் பிறந்து வழிபட்ட தலம். சோழர் காலத்துக் கற்றளி. யானையின் பின்புறம் போன்ற கஜபிருஷ்ட விமானம். ஞாயிற்றுக்கிழமை இராகு காலத்தில் சரபேஸ்வரர் சந்நிதியில் கூடும் கூட்டத்தை அன்பர்கள் அறிவர். நான் செல்வது திங்கட்கிழமை. திங்களன்று வில்வம் பறிக்கலாகாது என்பதால், ஞாயிறு மாலையே பறித்து ஈரத்துணியில் சுற்றி வைப்பது எங்கள் வழக்கம்.

முழங்கால் இருவருக்கும் ஒத்துழைக்க மறுத்தது. மகன் குரோம்பேட்டையில் அடுக்ககத்தில் இருக்கிறான். 2023 ஆவணியில் கிரயம் முடிந்தது. கார்த்திகையில் சாவியை ஒப்படைப்பதாகப் பேச்சு. வாங்கியவர் பழைய வீட்டை இடித்துக் குடியிருப்புகள் கட்டுபவர்.

இடைப்பட்ட அம்மாதங்களில்தான் ஒரு வினா எழுந்தது. மரம், செடி, கிணறு உட்பட யாவும் பத்திரப்படி அவருடையவை. பிறர் உடைமையைக் கேளாமல் பறித்து இறைவனுக்குச் சாத்துதல் முறையன்று எனப் பெரியோர் கூறுவர். புரட்டாசி, ஐப்பசியோ பவழமல்லி கொட்டும் காலம். தரையில் உதிர்ந்த பின்னும் பூசைக்கு உகந்த பூ அது. அதையும் கேட்டுத்தான் எடுக்க வேண்டுமா என்றாள் இல்லாள். கேட்டேன். அவர் சிறிது நேரம் பேசவில்லை. "ஐயா, இப்படி யாரும் என்னைக் கேட்டதில்லை. எடுத்துக்கொள்ளுங்கள். சுவாமிக்கு என் பேரையும் சொல்லுங்கள்" என்றார். அன்று முதல் அவருடைய பெயர், நட்சத்திரத்துக்கும் சேர்த்தே அருச்சனை நடந்தது. அவர் தோட்டத்தைக் காப்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை, வாக்கும் கேட்கவில்லை. மனைக்கு அவர் கொடுத்த விலை கட்டடத்துக்கே உரிய விலை.

திருமலையில் இராமாநுசர் விருப்பத்தை ஏற்று நந்தவனம் அமைத்த அனந்தாழ்வானைப் பற்றி ஓர் ஐதிகம் உண்டு. மலையிலிருந்து இறங்கி வெகுதூரம் வந்தபின் கட்டுச்சோற்று மூட்டையில் எறும்புகளைக் கண்டார். திருமலையில் வாழும் பேற்றினை அவற்றிடமிருந்து பறிக்கலாகாதென்று மீண்டும் மலையேறி விட்டு வந்தார். எங்கள் பவழமல்லியில் ஓர் அணில் குடும்பம் இருந்தது. அதை எங்குக் கொண்டு விடுவது?

செடிகளுக்கு வழி கிடைத்தது. நந்தியாவட்டை, அரளிப் போத்துகளைத் தெருக்கோடிப் பிள்ளையார் கோயிலிலும் அண்டை வீடுகளிலும் ஊன்றினோம். போத்து வைத்தால் பிடித்துக்கொள்ளும் இனங்கள் அவை. வில்வம் அவ்வாறன்று. ஆனால் அதன் வேரிலிருந்து ஆங்காங்கே கன்றுகள் கிளம்பும். வேரோடும் மண்ணோடும் இரண்டைத் தோண்டிப் பிள்ளையார் கோயிலின் பின்புறம் வைத்தோம். டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. நான்கு நாள் தேங்கிய நீரில் ஒரு கன்று அழுகிற்று.

சாவியை ஒப்படைத்த காலையில் இல்லாள் பூக்குடலையுடன் தோட்டத்தை ஒருமுறை சுற்றினாள். வில்வத்துக்கு மஞ்சள், குங்குமம் இட்டாள். வழக்கம்போல் வேருக்குக் குடத்து நீரை ஊற்றினாள். மறுநாள் வெட்டப்படும் மரத்துக்கு நீர் எதற்கென்று நான் கேட்கவில்லை.

இப்போது குரோம்பேட்டை அடுக்ககத்தின் பால்கனியில் ஒரு துளசி மாடம். பூ, முழக்கணக்கில் சந்தையில் வாங்குவது. பழைய தெருப் பக்கம் செல்லும்போதெல்லாம் நான் பிள்ளையார் கோயிலுக்கு மட்டும் போய்த் திரும்புகிறேன். நான்கு வீடு தள்ளி இருக்கும் மனையை இல்லாள் பார்ப்பதில்லை. எஞ்சிய கன்று பங்குனியில் துளிர்த்தது. குருக்கள் அதைச் சுற்றி முள்வேலி கட்டியிருக்கிறார், ஆடுகளுக்கு அஞ்சி.