திண்ணையில் நாய், மாடியில் விருந்தாளி

வந்தவரை மதிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் திருமலைராயன்பட்டினத்திலேயே கதை இருக்கிறது. திருமலைராயன் அவைக்கு வந்த காளமேகப் புலவருக்கு உட்கார இடம் தரவில்லையாம். ஊரில் மண்மாரி பொழியட்டும் என்று வசை பாடிவிட்டுப் போனாராம். நாகப்பட்டினத்தில் காத்தான் சத்திரத்துச் சோறு தாமதமானதைப் பாடியவரும் அவர்தான். நாயையும் தேங்காயையும் வைத்துச் சிலேடை சொன்னவரும் அவர்தான். சத்திரமும் நாயும் ஒரே வீட்டில் இருந்திருந்தால் என்ன பாடியிருப்பாரோ! காசு வாங்கிக்கொண்டு ஆட்களைத் தங்கவைக்கும் எங்களுக்கு இப்போது வசை செல்போனில் வருகிறது, நட்சத்திரக் கணக்கில்.

*

ஊர் இருக்கும் இடம் அப்படி. ஒரு பக்கம் திருநள்ளாறு, மறுபக்கம் நாகூர், இன்னும் தெற்கே போனால் வேளாங்கண்ணி. சனிப்பெயர்ச்சி, கந்தூரி, செப்டம்பர் 8 மாதா திருநாள் என்று ஏதாவது ஒன்றுக்கு ஆள் வந்துகொண்டே இருக்கும். மாசி மகத்துக்குக் கேட்கவே வேண்டாம். திருக்கண்ணபுரம் சௌரிராஜப் பெருமாள் தீர்த்தவாரிக்கு எங்கள் கடற்கரைக்குத்தான் வருகிறார்; பட்டினச்சேரி மீனவர்களுக்கு அவர் மாப்பிள்ளை. மாசக் கணக்கில் தங்குகிறவர்கள் வேறு வகை. கீழவாஞ்சூர் துறைமுகத்தில் வேலை பார்ப்பவர்கள். முதல் வாரம் எங்கள் நாயைச் சுற்றிக்கொண்டு போவார்கள், பிறகு அதற்கு அவர்களே பிஸ்கட் வாங்கி வருவார்கள்.

*

"நாய் கடிக்குமா?"

வீட்டுக்காரர்கள் எல்லாரும் சொல்லும் பதில், "சேச்சே, ஒண்ணும் பண்ணாது." இதைவிடப் பெரிய பொய் இந்தத் தொழிலில் கிடையாது. எங்கள் மணி நாட்டு நாய். புது ஆள் படியேறினால் குலைப்பான். சாப்பிடும்போது கிட்டே போனால் உறுமுவான். குழந்தை வாலைப் பிடித்தால் என்ன செய்வான் என்று எனக்கே தெரியாது. இந்த மூன்றையும் அட்வான்ஸ் வாங்குவதற்கு முன்னால் சொல்லிவிடுகிறேன். சிலர் வேறு வீடு பார்த்துக்கொள்கிறார்கள். போகட்டும்.

தடுப்பூசி அட்டை வாசல் ஷெல்பில் இருக்கிறது, கேட்டால் காட்ட. குட்டிக்கு மூன்று மாதத்தில் முதல் வெறிநாய்த் தடுப்பூசி, பிறகு வருஷாவருஷம். ஊசி போட்ட நாய்தானே என்று பல் பட்டதை விட்டுவிடக் கூடாது. ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்காமல் நேரே ஆஸ்பத்திரி. மனிதருக்குக் கையில் போடும் ஊசி, தோலுக்குள் என்றால் 0, 3, 7, 28 என்ற நாள் கணக்கில் வரும்; தசைக்குள் என்றால் 14-ம் நாளும் உண்டு. யாத்திரை வந்தவர் முதல் ஊசியை இங்கே போட்டுக்கொண்டு ஊருக்குப் போய் மறந்துவிடுவார். அதனால் தேதிகளை எழுதிக் கையில் கொடுக்க வேண்டும்.

*

கீழக்கரையிலிருந்து நாகூருக்கு வந்த குடும்பம். பெரியம்மா மணியையும் எங்கள் பூனையையும் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டார். "பூன இருந்துட்டுப் போவட்டும் தம்பி. நாய் வாய் வச்சாத்தான் எனக்கு ஏழு தடவ கழுவுற வேல." ஷாஃபி வழக்கப்படி நாயின் எச்சில் பட்டதை ஏழு முறை கழுவ வேண்டும், அதில் ஒருமுறை மண் கலந்த தண்ணீரால். பூனைக்கு இந்தக் கணக்கு இல்லை. மணியைக் கொல்லையில் கட்டிவிட்டு, மாடிக்குப் போகும் படியையும் கழுவிவிட்டேன். தொழுகை விரிப்பில் பூனை போய்ப் படுத்துக்கொண்டதற்குச் சிரித்தார்.

*

திருநள்ளாறு போய்வந்தவர்கள் காலையில் கைப்பிடிச் சுவரில் எள்ளுச் சாதம் வைத்துக் காகத்தைக் கூப்பிடுவார்கள். காகம் வருவதற்குள் மணி முன்னங்கால் இரண்டையும் சுவரில் வைத்து நக்கிவிடுகிறான். சனி பகவானின் வாகனத்துக்கு வைத்ததை பைரவரின் வாகனம் தின்றால் பரிகாரம் சேருமா என்று ஒருவர் நிஜமாகவே கவலைப்பட்டார். இப்போது சாதத்தை அங்கே வைக்கச் சொல்லி மொட்டைமாடிக் கதவின் சாவியைக் கொடுத்துவிடுகிறேன்.

*

பூனை விஷயம் நாயைவிடச் சிக்கல். நாய்க்குப் பயப்படுகிறவர் முதலிலேயே சொல்லிவிடுவார். பூனை ஒவ்வாமைக்காரருக்கு ராத்திரி மூச்சு இழுக்கும்போதுதான் தெரியும். காரணம் முடி மட்டுமல்ல, எச்சிலிலும் தோலிலும் உள்ள புரதம். பூனையை வெளியே விட்ட பிறகும் அந்தப் புரதம் மெத்தையில் மாதக்கணக்கில் இருக்கும். அதனால் ஒரு அறைக்குள் மட்டும் பூனையை விடுவதே இல்லை.

*

பிரான்சிலிருந்து வரும் காரைக்கால்காரர்கள் நேர்மாறு. நாயைக் கட்டிலில் ஏற்றிக்கொள்வார்கள். பாசமாகச் சாக்லேட்டும் நீட்டுவார்கள், நாய்க்கு அது விஷம் என்று ஓடிப்போய்த் தடுக்க வேண்டும். நம்மூர் முகமாக இருந்தாலும் கையில் பிரெஞ்சு பாஸ்போர்ட் என்றால் 24 மணி நேரத்துக்குள் அவர் தங்கும் விவரத்தை (முன்பு 'படிவம் சி') இணையத்தில் பதிந்தாக வேண்டும். சொந்தக்காரர்தானே என்று பலர் விட்டுவிடுகிறார்கள்.

*

மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் ஹோம்ஸ்டே திட்டத்தில் ஒன்று முதல் ஆறு அறைவரை அனுமதி, வீட்டுக்காரர் அதே வீட்டில் குடியிருக்க வேண்டும். நாய்க்கும் இது நல்ல விதிதான். எஜமானர் இல்லாத வீட்டில் நாயையும் அந்நியரையும் ஒன்றாக விடுவது இரண்டு தரப்புக்கும் கொடுமை.

*

மாசி மகத்துக்கு அறை கேட்டுப் போன் செய்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வாடகை கேட்பதற்கு முன்னால், வீட்டில் என்ன வளர்க்கிறீர்கள் என்று கேளுங்கள். கூட வரும் பாட்டிக்கு இளைப்பு இருந்தாலோ, பையனுக்கு நாய் என்றால் பயம் என்றாலோ அதையும் சொல்லிவிடுங்கள்.